பேட்டுக் கோழிக்குச் சிப்பித் தூள்: எப்போது, எவ்வளவு?

இடம்பெயர்ந்து பிறர் காணியில் வாழும் குடும்பமொன்று அங்கே தென்னையோ மாவோ நட்டுப் பலன் காண்பது அரிது. ஆனால் பத்துப் பேட்டுக் கோழிகளை வளர்க்கலாம். வேறிடம் போக நேர்ந்தால் அவற்றையும் கொண்டு செல்லலாம். பிள்ளைகளுக்கு முட்டை கிடைக்கும். மிஞ்சியதை விற்றால் கைச்செலவுக்குக் காசு வரும். எனவே முட்டையிடத் தொடங்கும் வேளையில் கோழிகள் சோர்ந்துவிட்டால், அது அக்குடும்பத்துக்குச் சிறிய இழப்பன்று.

முட்டைக்கோது மெல்லியதாகிவிட்டது, பேடு காலை இழுக்கிறது என்றவுடன் நம்மிற் பலர் கடையில் கனியுப்புப் பொடி வாங்க எண்ணுகிறோம். காசைச் செலவழிக்குமுன் கோழியின் எச்சத்தைப் பார்ப்போம். குடல் பழுதுபட்டிருந்தால் கொடுக்கும் கனியுப்பில் பெரும்பகுதி உடலில் சேராமல் வெளியேறிவிடும்.

எச்சத்தில் இரத்தம் கண்டால் அது பெரும்பாலும் கொக்சிடியா என்னும் நுண்ணுயிரால் வரும் இரத்தக் கழிச்சலாகும். ஈரமான நிலத்தில் இக்கிருமி ஓரிரு நாட்களிலேயே நோயைப் பரப்பும் நிலையை அடைகிறது. ஆகவே நனைந்த உமியை அகற்றி, உலர்ந்த உமி பரப்ப வேண்டும். தண்ணீர்ப் பாத்திரத்தைச் சற்று உயர்த்தி வைத்தால் நீர் சிந்தாது. மருந்தை மிருக வைத்தியரின் ஆலோசனைப்படியே கொடுக்க வேண்டும். எச்சம் தண்ணீராக மட்டும் போனால் தீனில் உப்பு கூடியிருக்கிறதா எனவும் பார்க்க வேண்டும். கருவாட்டுக் கழிவு கலப்போர் அதனை நன்றாகக் கழுவி, உலர்த்திச் சேர்ப்பது நல்லது.

இனிச் சிப்பிக்கு வருவோம். ஒரு முட்டைக்கோதில் சுமார் 2 கிராம் கல்சியம் உண்டு. தீனில் அது போதாவிட்டால் கோழி தன் எலும்பிலிருந்தே எடுத்துக் கோதை ஆக்கும். கால் பலவீனமடைவது இதனாற்றான். முட்டையிடும் கோழியின் தீனில் 100க்கு மூன்றரை முதல் 4 பங்கு வரை கல்சியம் வேண்டும். வளரும் பேட்டுக்கோ 1 பங்களவே போதும். அவசரப்பட்டு இளம் பேட்டுக்குக் கூடுதலாகக் கொடுத்தால் அதன் சிறுநீரகம் கெடும். கொண்டை சிவந்து, முதல் முட்டை காணும் காலமே சிப்பி வைக்க ஏற்ற காலமாகும்.

கடற்கரையில் பொறுக்கிய சிப்பியை நன்னீரில் உப்புப் போகக் கழுவி, வெயிலில் காயவைத்து, பயறளவாக இடிக்க வேண்டும். மாவாக இடித்தால் விரைவில் குடலைக் கடந்துவிடும். பருக்கையாயிருந்தால் இரைப்பையில் தங்கி மெல்லக் கரையும். கோது உருவாகுவது பெரும்பாலும் இரவிலேயாதலால், அந்நேரத்தில் இது கைகொடுக்கும். தீனில் கலக்காமல் தனியாக ஒரு சிரட்டையில் வைத்தால், கோழி தனக்கு வேண்டியதைத் தானே கொத்தும். வீட்டுத் தீனாக இருந்தால், நன்றாக முட்டையிடும் கோழியொன்றுக்கு நாளொன்றுக்குச் சுமார் 10 கிராம் தேவைப்படலாம். கடையில் வாங்கும் முட்டைக்கோழித் தீனில் கல்சியம் ஏற்கனவே சேர்க்கப்பட்டிருக்கும்.

சிப்பி கிடைக்காத இடத்தில் முட்டைக்கோதை வறுத்து, உருத்தெரியாதபடி நொருக்கி வைக்கலாம். அப்படியே போட்டால் கோழிகள் முட்டை குடிக்கப் பழகிவிடும். கருங்கற்பருக்கை இரையை அரைக்க உதவுமேயன்றிக் கல்சியம் தராது. வெற்றிலைக்குப் பூசும் சுண்ணாம்பைக் கொடுத்தலாகாது. அது வாயையும் குடலையும் புண்ணாக்கும்.

தவிட்டிலுள்ள பொசுபரசில் பெரும்பகுதியைக் கோழியால் பயன்படுத்த முடியாது. ஆகவே சிறிதளவு மீன்தூளும் சேர்க்க வேண்டும். பகலில் சற்று நேரம் வெயிலில் விட்டால், கல்சியம் உடலிற் சேர உதவும் விற்றமின் டி உடலிலேயே உண்டாகும்.

உலர்ந்த நிலம், சுத்தமான தண்ணீர், ஒரு சிரட்டைச் சிப்பி: இம்மூன்றும் நமது கைக்கெட்டியவை. இவற்றை முதலிற் செய்வோம். அதன் பின்னும் குறை நீங்காவிட்டால் மட்டும், மிருக வைத்தியரைக் கேட்டுப் பொடி வாங்குவோம்.