கோபுரம் சொல்லும் பாடம்!

குழந்தைகளே! பள்ளிக்காக இணையதளம் உருவாக்கப் போகிறீர்களா? முதலில் ஸ்ரீரங்கம் கோயிலைச் சுற்றிப் பாருங்கள்.

1987ல் கட்டி முடிக்கப்பட்ட ராஜகோபுரத்தின் உயரம் 236 அடி. அதில் 13 நிலைகள். அடிநிலை பெரியது, மேலே போகப்போக ஒவ்வொன்றும் சிறுத்துக்கொண்டே போகும். அந்த ஒழுங்குதான் அழகு! உங்கள் பக்கத்திலும் தலைப்பு பெரிதாக, துணைத்தலைப்பு சற்றுச் சிறிதாக, செய்தி இன்னும் சிறிதாக இருக்கட்டும்.

கிழக்கே வெள்ளைக் கோபுரம். வண்ணக் கோபுரங்களுக்கு நடுவே வெள்ளையாக நிற்பதால் சட்டென்று கண்ணில் படுகிறது. தேர்வுத் தேதி போன்ற முக்கியமான ஒன்றுக்கு மட்டும் தனி நிறம் கொடுங்கள். எல்லாவற்றுக்கும் கொடுத்தால் எதுவுமே தெரியாது.

வெளிர் நிறத்தின் மேல் கறுப்பு எழுத்தே கண்ணுக்கு இதம். முடித்ததும் பாட்டியிடம் காட்டுங்கள். தடுமாறாமல் படித்துவிட்டால் நீங்கள் பாஸ்!