பழைய போனுக்கு இன்னும் எத்தனை வருஷம்?

இருபது வருஷத்துக்கு முன்பு சென்னை ரிச்சி ஸ்ட்ரீட்டில் பழைய செல்போன் வாங்கப் போனவர், விலையைக் கேட்பதற்கு முன்பே பின்மூடியைக் கழற்றுவார். நோக்கியா 1100 என்றால் கட்டைவிரலால் அழுத்தித் தள்ளினால் மூடி கையோடு வந்துவிடும். உள்ளே பி.எல்-5சி பேட்டரி. அதை எடுத்துக் கடையின் கண்ணாடி மேஜை மேல் படுக்க வைத்து, ஒரு முனையைச் சுண்டிவிடுவார். தட்டையாக இருக்கிற பேட்டரி அரைச்சுற்றிலேயே நின்றுவிடும். உப்பிப்போன பேட்டரி சுழன்றுகொண்டே இருக்கும். கடைக்காரர் மறுபேச்சில்லாமல் வேறு பேட்டரியைப் போட்டுக் கொடுப்பார். பேட்டரிக்கு அடியில் ஒரு சின்ன வெள்ளை ஸ்டிக்கர் ஒட்டியிருக்கும். அது சிவந்திருந்தால் போன் தண்ணீரில் விழுந்து எழுந்தது என்று அர்த்தம். விவரம் தெரிந்தவர்கள் *#92702689# என்று அடித்து, அந்த நோக்கியா எந்த மாதம் தயாரானது, இதுவரை எத்தனை மணி நேரம் பேசப்பட்டது என்பதைக்கூடப் பார்த்துவிடுவார்கள்.

பார்க்க வேண்டியது அவ்வளவுதான். பட்டன் தேய்ந்திருந்தால் புதுக் கீபேட், உடம்பு கீறியிருந்தால் புது ஹவுசிங் என்று சில நூறு ரூபாயில் போன் புதுசாகிவிடும். ஆனால், பார்க்க முடியாதது ஒன்று இருந்தது. அந்த போன் யாருடையது? பர்மாவிலிருந்து வந்தவர்களுக்காக 1969-இல் உருவான பர்மா பஜாரிலும் சரி, ரிச்சி ஸ்ட்ரீட்டிலும் சரி, பழைய செட்டுக்குப் பில் கேட்கும் வழக்கம் பெரிதாக இல்லை. “கேரண்டி உண்டாண்ணே?” என்றால், “டெஸ்டிங் வாரண்டிதான் தம்பி, இங்கேயே போட்டுப் பார்த்துக்கோ” என்பது பதில். வாங்கிய போன் திருட்டு போனாக இருந்து, ஆறு மாதம் கழித்து ஸ்டேஷனிலிருந்து கூப்பிடுவார்களோ என்ற பயம் வாங்கியவருக்கு உள்ளூர இருந்துகொண்டே இருக்கும்.

இன்று அந்தப் பயத்துக்கு மருந்து இருக்கிறது. *#06# அடித்தால் 15 இலக்க ஐ.எம்.இ.ஐ. எண் திரையில் வரும். கே.ஒய்.எம். என்ற மூன்று ஆங்கில எழுத்துகளையும், இடைவெளி விட்டு அந்த எண்ணையும் 14422-க்கு எஸ்.எம்.எஸ். அனுப்பினால், அது எந்த கம்பெனியின் எந்த மாடல் என்ற விவரம் வந்துவிடும். 2023-இல் வந்த அரசின் சஞ்சார் சாத்தி தளத்திலும் இதைப் பார்க்கலாம். கறுப்புப் பட்டியலில் இருக்கிறது என்றோ, ஒரே எண்ணில் வேறு போனும் இருக்கிறது என்றோ பதில் வந்தால், எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும் அந்த போனைத் தொடக்கூடாது. சாமானியனுக்குக் கிடைத்த நல்ல பாதுகாப்பு இது. இன்னமும் பலருக்கு இது தெரியவில்லை என்பதுதான் வருத்தம்.

மற்றபடி, அன்று கண்ணுக்குத் தெரிந்ததெல்லாம் இன்று உள்ளே போய்விட்டது. பின்மூடியைப் பசை போட்டு ஒட்டியிருக்கிறார்கள். சூடு காட்டித்தான் திறக்க வேண்டும். ஒருமுறை திறந்தால், தண்ணீர் புகாமல் தடுக்கும் ஒட்டு பழையபடி சேர்ந்ததா என்று வெளியிலிருந்து சொல்ல முடியாது. ஆகவே, ‘வாட்டர் ப்ரூஃப்’ என்று யாராவது விற்றால், புதுப்பித்து விற்கும் ரீஃபர்பிஷ்டு போனில் அந்தச் சொல்லுக்கு ஒரு ரூபாய்கூட அதிகம் தர வேண்டாம். பேட்டரியின் நிலைமையை ஐபோன் 2018 முதல் சதவீதமாகவே காட்டுகிறது. ஐபோன் 11-இலிருந்து, திரை மாற்றப்பட்டிருந்தால் அது கம்பெனிப் பொருளா இல்லையா என்பதையும் செட்டிங்ஸிலேயே பார்க்கலாம். ஆண்ட்ராய்டு போன்கள் எல்லாவற்றிலும் இந்த வசதி இல்லை. சாம்சங் என்றால் *#0*# அடித்துப் பாருங்கள். திரை முழுக்கச் சிவப்பு, பச்சை, நீலம் என்று ஒவ்வொன்றாக வரும். மங்கல் நிழலோ கோடோ இருந்தால் அப்போது தெரிந்துவிடும். காப்பி டிஸ்ப்ளே போட்ட செட்டில் அந்தச் சோதனை மெனுவே சில சமயம் ஒழுங்காக வராது.

பூட்டு இன்னொரு சங்கதி. 2013-இல் ஆப்பிளும் 2015-இல் ஆண்ட்ராய்டும் கொண்டுவந்த பூட்டினால், பழைய சொந்தக்காரரின் கணக்கு நீங்காத போன் ரீசெட் செய்தாலும் திறக்காது. திருடனுக்கு எதிராக வந்த ஏற்பாடு, ஏமாந்து வாங்கியவரையும் சேர்த்தே வெளியே நிறுத்திவிடும். விற்பவர் உங்கள் கண்முன் கணக்கை நீக்க வேண்டும். அதன் பிறகு ரீசெட் போட்டு, உங்கள் சிம்மைச் செருகி, ஹோம் ஸ்க்ரீன் வரும்வரை போகவேண்டும். இதற்குக் கால்மணி நேரம் ஆகும். பணம் அதற்குப் பிறகுதான்.

எல்லாவற்றையும்விட முக்கியமாக நான் நினைப்பது ஒன்று உண்டு. நோக்கியா 1100-க்குக் காலாவதி தேதி கிடையாது. பேட்டரி மாற்றினால் போதும், பேசலாம். இன்றைய போன் நன்றாக ஓடிக்கொண்டிருக்கும்போதே காலாவதியாகிறது. ஆண்ட்ராய்டு 5-க்கு முந்தைய போன்களை 2025 ஜனவரியோடு வாட்ஸ்அப் கைவிட்டது. அந்த போன்களில் பல அன்றைக்கும் உடையாமல் கிடந்தவைதான். 2016-இல் யு.பி.ஐ. வந்த பிறகு போனுக்குள் பேங்க் கணக்கே குடியிருக்கிறது. பாதுகாப்பு அப்டேட் நின்றுபோன போனில் அந்தக் கணக்கை வைப்பது சரியில்லை.

எனவே, ‘எத்தனை வருஷப் பழசு?’ என்று கேட்பதைவிட, ‘இன்னும் எத்தனை வருஷம் அப்டேட் வரும்?’ என்று கேட்க வேண்டும். அந்த வருஷக் கணக்கு நீங்கள் வாங்கும் நாளிலிருந்து ஓடுவதில்லை. அந்த மாடல் சந்தைக்கு வந்த நாளிலிருந்து ஓடுகிறது. 2023-இல் வந்த பிக்சல் 8-க்கும், 2024-இல் வந்த கேலக்ஸி எஸ் 24-க்கும் ஏழு வருஷம் என்று கம்பெனிகளே அறிவித்திருக்கின்றன. யாரோ பயன்படுத்திக் கொடுத்த எஸ் 24-க்கு 2031 வரை ஆயுள் இருக்கிறது. புதிதாகப் பெட்டி உடைக்கும் சில மலிவு போன்களுக்கு அதில் பாதிகூட இல்லை. அந்த இடத்தில் நான் தயங்காமல் பழையதன் பக்கம் நிற்பேன். ஆனால், ஐந்தாறு வருஷத்துக்கு முந்தைய மாடலை, ‘ஒரு காலத்தில் லட்சம் ரூபாய் போன்’ என்று சொல்லி விற்றால் அந்தப் பேச்சில் மயங்கக்கூடாது.

‘ரீஃபர்பிஷ்டு’ என்ற முத்திரையையும் கொஞ்சம் நிதானித்துத்தான் பார்க்க வேண்டும். அமெரிக்காவில் ஆப்பிளே பழைய ஐபோனுக்குப் புது பேட்டரியும் புது வெளிக்கூடும் போட்டு, ஒரு வருஷ வாரண்டியோடு விற்கிறது. அப்படிப்பட்ட போன்களை இந்தியாவுக்குக் கொண்டுவர ஆப்பிள் கேட்ட அனுமதியை அரசு 2016-இல் மறுத்துவிட்டது. எனவே, இங்கே அந்தச் சொல்லின் தரம், விற்கும் கடையின் தரம்தான். ‘குட்’, ‘சூப்பர்ப்’ என்ற தரப்பிரிவுகள் பெரும்பாலும் கீறலைப் பார்த்துப் போடுபவை. பேட்டரி மாற்றியதா, திரை ஒரிஜினலா, வாரண்டியில் டிஸ்ப்ளே சேருமா, திருப்பிக் கொடுக்க எத்தனை நாள் அவகாசம் என்ற கேள்விகளுக்கான பதில் பில்லிலேயே எழுத்தில் இருக்க வேண்டும். ஐ.எம்.இ.ஐ. எண்ணும் அதே பில்லில் ஏற வேண்டும்.

கல்லூரிக்குப் போகிற பிள்ளைக்கோ, பேரனோடு வீடியோவில் பேச நினைக்கும் அம்மாவுக்கோ நல்ல ரீஃபர்பிஷ்டு போன் தாராளமாகப் போதும். கடைசியாக விலையைப் பார்க்கும்போது, பேட்டரி மாற்ற ஆகும் செலவையும் சேர்த்துக் கூட்டுங்கள். அதன் பிறகும் அதே மாடலின் புது விலைக்கும் இதற்கும் மூன்றில் ஒரு பங்காவது வித்தியாசம் இல்லையென்றால் புதிதையே வாங்கிவிடலாம். சிம் போட்டுப் பேசிப் பார்க்கவோ பில்லில் எண்ணை எழுதவோ கடைக்காரர் தயங்கினால், அங்கே பேரம் பேசிக்கொண்டிருக்க வேண்டாம். அடுத்த கடைக்குப் போய்விடுங்கள்.