‘பால் பல்தானே, விழுந்துடும்!’ - குழந்தைகளின் சொத்தைப் பல்லில் பெற்றோர் தவறவிடுவது எங்கே?

“பால் பல்லுதானேம்மா... எப்படியும் விழுந்து வேற முளைக்கத்தானே போகுது? இதுக்குப் போய் இவ்வளவு செலவு பண்ணணுமா?”

மயிலாப்பூரோ, தி.நகரோ, அடையாறோ, நாலு வயதுக் குழந்தையைப் பல் டாக்டரிடம் கூட்டிப்போக வேண்டும் என்ற பேச்சு எழுந்தால், கூடவே இந்தக் கேள்வியும் எழும். பாட்டி கேட்காவிட்டால் அப்பா கேட்பார். கேள்வியில் பாதி உண்மை இருப்பதுதான் சிக்கல். பால் பல் விழும், சரி. எப்போது விழும் என்பதை யாரும் கணக்குப் போடுவதில்லை.

குழந்தைக்கு ஆறு மாத வாக்கில் கீழ் முன்பல் எட்டிப்பார்க்கும். இரண்டரை, மூன்று வயதுக்குள் 20 பால் பற்களும் வந்துவிடும். ஆறு வயதில் விழத் தொடங்குவது முன்பற்கள் மட்டும்தான். சாப்பாட்டை அரைக்கிற பின்பக்கக் கடைவாய்ப் பற்கள் பத்து, பதினொன்று, சிலருக்குப் பன்னிரண்டு வயது வரைக்கும் வாயில் இருந்தாக வேண்டும். அதாவது நாலு வயதில் சொத்தையான கடைவாய்ப் பல்லை ‘விழுந்துடும்’ என்று விட்டால், குழந்தை ஆறேழு வருஷம் அந்த ஓட்டைப் பல்லோடு இட்லியை ஒரு பக்கமாக மென்றுகொண்டிருக்கும். இல்லையென்றால் பல்லை முன்கூட்டியே பிடுங்க வேண்டிவரும். பிடுங்கினால் பக்கத்துப் பல் அந்த இடத்துக்குச் சாயும். நிரந்தரப் பல்லுக்கு இடம் போதாமல் அது கோணலாக முளைக்கும். பதின்மூன்று வயதில் பல்லுக்குக் கம்பி போடும் செலவுக்கு இப்படியும் ஒரு வழி உண்டு.

இது ஏதோ சில குழந்தைகளின் பிரச்சினை அல்ல. இந்தியப் பல் மருத்துவ கவுன்சில் 2002-03-ல் நடத்திய தேசிய வாய்நல ஆய்வில், 5 வயதுக் குழந்தைகளில் ஏறக்குறைய 52 சதவீதம் பேருக்குச் சொத்தைப் பல் இருந்தது. உலகம் முழுக்க 51.4 கோடி குழந்தைகளுக்குப் பால் பல் சொத்தை இருப்பதாக உலக சுகாதார நிறுவனத்தின் 2022 அறிக்கை மதிப்பிடுகிறது.

புட்டிப் பாலும் ராத்திரி நேரமும்

சொத்தையை நம் ஊரில் ‘பூச்சிப் பல்’ என்பார்கள். கண்டங்கத்திரி விதையைச் சுட்டுப் புகை பிடித்து, பல்லிலிருந்து புழுவை எடுத்ததாகக் காட்டிய வைத்தியர்கள் அந்தக் காலத்தில் தெருத் தெருவாக வந்ததுண்டு. பல்லுக்குள் பூச்சி எதுவும் கிடையாது. வாயில் எப்போதும் குடியிருக்கும் பாக்டீரியா, நாம் சாப்பிடும் சர்க்கரையைத் தின்று அமிலத்தை வெளியேற்றும். அந்த அமிலம் பல்லின் மேலுறையான எனாமலிலிருந்து தாது உப்பைக் கரைத்து எடுக்கும். சாப்பிட்டு முடித்த அரைமணி, ஒருமணி நேரத்தில் எச்சில் அமிலத்தைத் தணித்து, போன உப்பைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பிக் கொடுத்துவிடும். நாள் முழுக்க நடக்கும் வரவு செலவுக் கணக்கு இது. செலவு அதிகமானால் பல்லில் குழி விழும்.

தூங்கும்போது எச்சில் சுரப்பது வெகுவாகக் குறைந்துவிடும். ஒன்றரை வயதுக் குழந்தை வாயில் சர்க்கரை போட்ட பால் புட்டியோடு தூங்கிப்போனால், அந்தப் பால் மேல் முன்பற்களைச் சுற்றித் தேங்கி நிற்கும். கழுவிவிட எச்சிலும் இருக்காது. பெரியவர்களின் பல்லோடு ஒப்பிட்டால் பால் பல்லின் எனாமல் பாதிக் கனம்தான். அதனால் சேதம் மாதக்கணக்கில் வேகமாக நடந்துவிடும். கீழ் முன்பற்களை நாக்கும் எச்சிலும் காப்பாற்றிவிடும். மேல் முன்பற்கள் நாலும் பழுப்பேறி, கீழ்ப்பற்கள் மட்டும் பளிச்சென்று இருந்தால், காரணம் பெரும்பாலும் ராத்திரிப் புட்டி என்று டாக்டர்கள் பார்த்தவுடனே யூகிப்பது இதனால்தான்.

“நாங்க வெள்ளைச் சர்க்கரையே போடறதில்ல, பனங்கற்கண்டுதான்” என்று சொல்லும் வீடுகள் இந்தப் பகுதிகளில் நிறைய. நாட்டுச் சர்க்கரை, கருப்பட்டி, தேன் எல்லாவற்றுக்கும் அதே பதில்தான். பாக்டீரியாவுக்கு அது ஆர்கானிக் கடையில் வாங்கியதா, ரேஷனில் வாங்கியதா என்று தெரியாது. (ஒரு வயதுக்குள் தேன் கொடுக்கவே கூடாது; அது பல்லுக்காக மட்டும் சொல்வதல்ல.) பாலில் கலக்கும் சத்துமாவு பானங்களிலும் சர்க்கரை கணிசமாக இருக்கிறது. ‘ஹெல்த் டிரிங்க்’ என்ற தலைப்பின் கீழ் அவற்றை விற்க வேண்டாம் என்று 2024 ஏப்ரலில் மத்திய வர்த்தக அமைச்சகம் ஆன்லைன் கடைகளுக்குச் சொல்ல வேண்டி வந்தது.

இன்னொரு விஷயம், சளி, காய்ச்சல் சிரப். குழந்தை குடிக்க வேண்டுமே என்று பல சிரப்புகளை இனிப்பாகத்தான் செய்கிறார்கள். ராத்திரி பல் தேய்த்து முடித்த பிறகு ஒரு மூடி சிரப் ஊற்றிப் படுக்க வைத்தால் தேய்த்தது வீண். மருந்தை முதலில் கொடுத்துவிட்டு அப்புறம் தேய்க்கலாம்.

தாய்ப்பால் பற்றியும் சந்தேகம் வரும். பல் முளைத்துவிட்டது என்பதற்காகத் தாய்ப்பாலை நிறுத்த வேண்டியதில்லை. ஒரு வயதுக்குப் பிறகும் ராத்திரி முழுக்கப் பால் குடித்தபடியே தூங்கும் பழக்கம் இருந்தால், மற்ற சாப்பாட்டில் இனிப்பைக் குறைத்து, படுக்கும் முன் பல்லைச் சுத்தம் செய்வது முக்கியம்.

எவ்வளவு தடவை என்பதுதான் கணக்கு

அறுபத்துமூவர் உற்சவத்தில் மாட வீதியில் கொடுக்கிற பானகத்தைக் குழந்தை குடித்ததால் பல் போய்விடாது. பொங்கலன்று சாப்பாட்டோடு ரெண்டு கரண்டி சர்க்கரைப் பொங்கலும் அப்படித்தான். ஒரே நேரத்தில் சாப்பிட்டு முடித்தால் ஒரு அமிலத் தாக்குதல், எச்சில் சமாளித்துவிடும். ஸ்கூல் வேனில் ஒரு பிஸ்கட், வீட்டுக்கு வந்ததும் ஜூஸ், டி.வி. பார்த்தபடி ஒரு கிண்ணம் கார்ன்ஃப்ளேக்ஸ், ஹோம்வொர்க் நேரத்தில் ஒரு ஜெல்லி மிட்டாய் என்று மாலை முழுக்கக் கொறித்துக்கொண்டே இருந்தால் எச்சிலுக்கு மூச்சுவிட நேரமே கிடைக்காது. முறுக்கு, சிப்ஸ் போன்றவையும் பல் இடுக்கில் ஒட்டிக்கொண்டு நேரமாக ஆக இனிப்பாக மாறும். ‘காரம்தானே கொடுத்தோம்’ என்று நிம்மதியாக இருக்க முடியாது.

புட்டியை ஒரே நாளில் பிடுங்கினால் அன்றைக்கு வீட்டில் யாருக்கும் தூக்கம் இல்லை. ஒன்றிரண்டு வாரத்துக்குப் பாலில் கொஞ்சம் கொஞ்சமாகத் தண்ணீர் கூட்டிக்கொண்டே போய், கடைசியில் வெறும் தண்ணீராக்குவது பல வீடுகளில் பலிக்கிறது. சர்க்கரையையும் அதே மாதிரி அரை ஸ்பூன், கால் ஸ்பூன் என்று இறக்கலாம். பாலைப் படுக்கைக்கு முன்னால் தள்ளிவைத்தால் மீதி சுலபம்: ஹாலில் உட்கார்ந்து டம்ளரில் பால், அப்புறம் பிரஷ், அப்புறம் கதை. நடுராத்திரி கேட்டால் தண்ணீர்தான்.

பேஸ்ட்: அரிசி அளவா, பட்டாணி அளவா?

விளம்பரத்தில் பிரஷ் நீளத்துக்கு அலை அலையாகப் பேஸ்ட் வைப்பார்கள். குழந்தைக்கு அது வேண்டவே வேண்டாம். முதல் பல் முளைத்ததிலிருந்து 3 வயது வரை ஒரு அரிசி அளவு. 3 முதல் 6 வயது வரை ஒரு பட்டாணி அளவு. ஃப்ளோரைடு உள்ள பேஸ்டாக இருக்க வேண்டும். கரைந்துபோன தாது உப்பை எனாமலுக்குத் திருப்பிச் சேர்க்க உதவுவது ஃப்ளோரைடுதான்.

நம் நாட்டுச் சட்டப்படி பேஸ்டில் ஃப்ளோரைடு 1000 பிபிஎம்-க்கு மேல் இருக்கக் கூடாது; எவ்வளவு என்று ட்யூபிலும் அட்டைப் பெட்டியிலும் அச்சிட வேண்டும். அந்த எண்ணைத் தேடிப் பாருங்கள். கார்ட்டூன் படம் போட்ட ‘கிட்ஸ்’ ஜெல்களில் சிலவற்றில் ஃப்ளோரைடே இருக்காது, சிலவற்றில் பாதிதான் இருக்கும். 1000-ஐ ஒட்டி இருப்பது நல்லது. பேஸ்டை வாங்கி வைப்பவர் அம்மாவாகவோ அப்பாவாகவோ இருக்கட்டும். ஸ்ட்ராபெரி வாசனைக்காகக் குழந்தையே பிதுக்கிச் சாப்பிடும்.

‘தர்மபுரிப் பக்கம் ஃப்ளோரைடாலதானே பல்லு மஞ்சளாகுது?’ என்ற பயம் நியாயமானது. தர்மபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களில் நிலத்தடி நீரில் ஃப்ளோரைடு அதிகம். ஒகேனக்கல் குடிநீர்த் திட்டத்தின் முழுப் பெயரிலேயே ‘ஃப்ளோரோசிஸ் பாதிப்புத் தணிப்பு’ என்பதும் சேர்ந்திருக்கும். அங்கே பிரச்சினை, வருஷக்கணக்கில் குடிக்கும் தண்ணீர். குடிநீரில் 1.5 மில்லிகிராமுக்கு மேல் போகக் கூடாது என்பது இந்தியத் தர வரையறை. சென்னை ஃப்ளாட்களில் நிலைமை பெரும்பாலும் நேரெதிர். ஆர்.ஓ. மெஷின், தண்ணீரில் இருக்கும் ஃப்ளோரைடில் பெரும்பகுதியை வெளியேற்றிவிடும். இங்கே வளரும் குழந்தைக்கு அரிசி அளவு பேஸ்டில் கிடைக்கிற ஃப்ளோரைடு பாதுகாப்புதானே தவிர ஆபத்தில்லை. துப்பத் தெரிந்த குழந்தை நுரையைத் துப்பினால் போதும்; உடனே வாய் நிறையத் தண்ணீர் விட்டுக் கொப்பளித்தால் பல்லில் தங்க வேண்டிய ஃப்ளோரைடும் போய்விடும்.

தேய்ப்பது யார்? ஏழெட்டு வயது வரை பெரியவர்கள்தான். “அவளே தேய்ச்சுக்கிறா” என்று மூன்று வயதுக் குழந்தையைப் பற்றிப் பெருமைப்படும் வீடுகளில் பின் கடைவாய்ப் பற்களில் பிரஷ் படுவதே இல்லை. குழந்தை ஒரு முறை தேய்க்கட்டும், அப்புறம் மடியில் சாய்த்து நீங்கள் ஒரு முறை. காலையில் வேன் ஹாரன் அடிக்கிற அவசரத்தில் ஒப்பேற்றினால்கூடப் பரவாயில்லை, ராத்திரி தேய்ப்பதை மட்டும் விடாதீர்கள்.

உதட்டைத் தூக்கிப் பார்க்கலாம்

சொத்தை முதலில் கறுப்பாக வராது. மேல் உதட்டைத் தூக்கினால், ஈறை ஒட்டி முன்பற்களில் சுண்ணாம்புக் கோடு இழுத்த மாதிரி வெள்ளையாக ஒரு பட்டை தெரியும். அதுதான் ஆரம்பம். இந்தக் கட்டத்தில் ஃப்ளோரைடு வார்னிஷ் பூசி, புட்டியை நிறுத்தினால் குழி விழாமலே தடுக்க முடியும். வலி வந்து குழந்தை அழும்போது கட்டம் தாண்டிப்போயிருக்கும். மாதத்துக்கு ஒரு முறை ஜன்னல் வெளிச்சத்தில் அரை நிமிஷம் பார்த்தால் போதும்.

முதல் பல் முளைத்ததும், அதிகபட்சம் முதல் பிறந்த நாளுக்குள், ஒரு முறை பல் டாக்டரிடம் காட்டிவிட வேண்டும் என்பதுதான் இன்றைய பரிந்துரை. நம் வீடுகளில் இது வேடிக்கையாகத் தெரியும். அரசின் ஆர்.பி.எஸ்.கே. திட்டத்தில் (2013-ல் தொடங்கியது) மருத்துவக் குழு அங்கன்வாடிக்கு வருஷத்துக்கு இரண்டு முறையும், அரசு, அரசு உதவிபெறும் பள்ளிகளுக்கு ஒரு முறையும் போகும். பார்க்கும் 30 குறைபாடுகளில் பல்லும் ஒன்று. அடையாறில் தனியார் ப்ளே ஸ்கூலுக்குப் போகும் குழந்தைக்கு அந்தப் பரிசோதனையும் கிடையாது. அங்கே உதட்டைத் தூக்கிப் பார்க்க அம்மா, அப்பாவை விட்டால் ஆள் இல்லை.

குழி விழுந்துவிட்டால் வழியே இல்லை என்பதில்லை. சில்வர் டையமைன் ஃப்ளோரைடு என்ற சொட்டு மருந்தைத் தடவினால் ட்ரில் இல்லாமலே சொத்தை பரவுவதைப் பெரும்பாலும் நிறுத்தலாம். 2021-ல் உலக சுகாதார நிறுவனம் இதை அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் சேர்த்தது. ஒரு குறை, சொத்தை இருந்த இடம் நிரந்தரமாகக் கறுத்துவிடும். முன்பல் என்றால் குடும்பத்தில் பேசி முடிவெடுங்கள். பின்பல்லில் யார் பார்க்கப்போகிறார்கள்? சொத்தை நரம்பு வரை போயிருந்தால் பால் பல்லுக்கும் ரூட் கெனால் மாதிரியான சிகிச்சை உண்டு. உள்ளே நிரப்பும் மருந்து, பல் விழும் காலத்தில் வேரோடு சேர்ந்து கரைந்துவிடும் வகை. மேலே ஸ்டீல் கேப் போட்டு விடுவார்கள். பல்லை எடுத்தே ஆக வேண்டும் என்றால், பக்கத்துப் பல் சாயாமல் இருக்க இடம் காக்கும் கம்பி வேண்டுமா என்று கேளுங்கள். “பல்லைப் பிடுங்கினா கண்ணு போயிடும்” என்பதில் துளியும் உண்மை இல்லை.

கன்னம் வீங்கி, காய்ச்சலும் இருந்தால் அன்றைக்கே டாக்டரிடம் போக வேண்டும். வலிக்கிற பல்லில் கிராம்பு எண்ணெய் விடும் பழக்கம் சின்னக் குழந்தைக்கு வேண்டாம், விழுங்கினால் ஆபத்து.

செலவுதான் யோசனை என்றால், 1953-லிருந்து இயங்கும் அரசு பல் மருத்துவக் கல்லூரி மருத்துவமனை பார்க் டவுனில், கோட்டை ரயில் நிலையத்துக்கு எதிரே இருக்கிறது. குழந்தைகளுக்குத் தனிப் பிரிவு உண்டு. மாம்பலத்தில் மின்சார ரயில், திருமயிலையில் பறக்கும் ரயில், இரண்டில் எதில் ஏறினாலும் கோட்டையில் இறங்கலாம். காலையிலேயே போய்விடுவது நல்லது.

அங்கே போகும் குழந்தைக்கு ஆறு வயதைத் தாண்டியிருந்தால், ஒன்றை மறக்காமல் கேட்க வேண்டும். ஆறு வயதில், எந்தப் பல்லும் விழாமலே, பால் பல் வரிசைக்குப் பின்னால் மேலும் கீழுமாக நாலு புதுக் கடைவாய்ப் பற்கள் முளைக்கும். எதுவும் விழாததால் பெற்றோர் இதையும் பால் பல் என்றே நினைத்துவிடுகிறார்கள். இவை நிரந்தரப் பற்கள், போனால் வேறு வராது. மேற்பரப்பில் ஆழமான பள்ளங்கள் இருப்பதால் சொத்தை சீக்கிரம் பிடிப்பதும் இவற்றில்தான். பள்ளங்களை மூடி மெல்லிய பூச்சு (சீலன்ட்) போட ஊசியும் வேண்டாம், ட்ரில்லும் வேண்டாம்; ஒரு பல்லுக்குச் சில நிமிஷம் ஆகும்.