கொட்டில் தரையும் பன்றிக் குளம்பும்

பன்றி என்றதும் முகஞ்சுளிக்கும் நண்பர்கள் இத்தலைப்பைக் கண்டவுடனே பக்கத்தைப் புரட்டிவிடக் கூடும். பசுவுக்கு நோய் என்றால் ஊரே கூடி வைத்தியம் சொல்லும். பன்றி நொண்டினால் திரும்பிப் பார்ப்பாரில்லை. ஆயினும் நம் சின்னசேலம் வட்டாரத்தில் மக்காச்சோளமும் மரவள்ளியும் பயிரிடும் குடும்பங்களிலிருந்து வந்து படிக்கும் நம்மில் பலர், "பட்டம் வாங்கியபின் ஏதேனும் ஒரு பண்ணை வைக்கலாமா?" என்று எண்ணிப் பார்ப்பவர்களே. அவர்களுள் வெண்பன்றி வளர்க்க நினைப்பவர் முதன்முதலில் தெரிந்துகொள்ள வேண்டியது, விலைக் கணக்குக்கும் முன்னதாக, அவ்விலங்கின் கால் என்பது என் கருத்து.

காரணம் எளிது. ஒரு தாய்ப்பன்றி 114 நாள் சினை சுமந்து, ஓர் ஈற்றுக்கு எட்டு பத்துக் குட்டிகள் ஈனும். வாங்கிய விலையும் வளர்த்த செலவும் திரும்ப வரவேண்டுமானால் அது பல ஈற்றுகள் கொட்டிலில் நிலைத்திருக்க வேண்டும். இரண்டாம் ஈற்றிலேயே கால் ஊன்ற முடியாமல் போனால் கறி விலைக்குத் தள்ளிவிடுவதைத் தவிர வேறு வழியில்லை. மேலும், கால் நோகும் பன்றி எழுந்து சென்று தண்ணீர் குடிப்பதில்லை. தீவனம் குறையும், பால் வற்றும். மெல்ல மடங்கிப் படுக்க இயலாமல் தொப்பென்று விழுவதால் கீழே கிடக்கும் குட்டிகள் நசுங்கிச் சாகும். குட்டி செத்ததற்குத் தாயின் 'கெட்ட குணம்' என்று பெயர் சூட்டுகிறோம். அதன் குளம்பைத் தூக்கிப் பார்ப்பவர் அரியர்.

விலங்கியல் வகுப்பில் இரட்டைக் குளம்பிகள் என்ற வரிசையில் பன்றியைப் படித்திருக்கிறோம். ஒவ்வொரு காலிலும் நான்கு விரல்கள். நடுவிலுள்ள இரண்டே தரையில் ஊன்றுபவை. பின்புறத்துச் சிறு குளம்புகள் சேற்று நிலத்தில்தான் தரையைத் தொடும். வளர்ந்த யார்க்ஷயர் தாய்ப்பன்றி 200 கிலோவைத் தாண்டும். அத்தனை எடையும் எட்டுச் சிறு குளம்புகளின் மேல் நிற்கிறது. அதிலும் பின்னங்கால்களில் வெளிக்குளம்பு உட்குளம்பைவிடப் பெரியதாதலால் பாரத்தில் பெரும்பங்கு அதன்மேல் விழுகிறது. குளம்பின் சுவர் கடினமானது, குதிப்பகுதியோ மெத்தென்றது. கடினமும் மென்மையும் கூடுமிடத்தில்தான் வெடிப்பு முதலில் தோன்றும். ஆகவே நொண்டும் பன்றியைச் சோதிப்பவர் பின்னங்கால் வெளிக்குளம்பை முதலில் பார்ப்பது நல்லது.

காட்டுப்பன்றி மண்ணிலும் இலைச் சருகிலும் நடந்து வளர்ந்த இனம். அதன் உறவினத்தைச் சிமெண்டுத் தரையில் கொண்டுவந்து நிறுத்தியவர்கள் நாம். என் சித்தப்பா ஒருவர் சில பன்றிகள் வளர்க்கிறார். புதுக்கொட்டில் கட்டி ஒரு மாதத்துக்குள் மூன்று பன்றிகள் நொண்டின. ஊசி போட வேண்டும் என்று கால்நடை மருத்துவரை அழைத்து வந்தார். மருத்துவர் பையைத் திறக்கவே இல்லை. "வேட்டிய மடிச்சிக் கட்டிக்கிட்டு இந்தத் தரையில ரெண்டு நிமிசம் முட்டி போடுங்க" என்றார். சித்தப்பா சிரித்துக்கொண்டே முட்டி போட்டவர் அரை நிமிடத்தில் எழுந்துவிட்டார். வழுக்கக்கூடாது என்று கொத்தனார் ஜல்லி முனை தெரியும்படி விட்டிருந்தார். "உங்களுக்கே இப்படின்னா, நாளெல்லாம் இதுமேல நிக்கிறதுக்கு எப்படி இருக்கும்?" என்று கேட்டார் மருத்துவர். பண்ணைத் தரையைச் சோதிக்க இதைவிட மலிவான கருவி எனக்குத் தெரியவில்லை.

தரை இருவகையில் கெடுதல் செய்யும். சொரசொரப்பானால் தேய்க்கும், வழவழப்பானால் வழுக்கிக் கால் விரிந்து தசை பிடிக்கும். மரப்பலகையால் தேய்த்து முடித்த தரை இரண்டுக்கும் நடுவானது. 30 அடி நீளத்துக்கு ஓரடி என்னும் அளவில் சரிவு விட்டால் சிறுநீர் தேங்காது. ஈரத்தில் ஊறிய குளம்பு, தண்ணீரில் ஊறிய நம் நகத்தைப் போல மென்மையாகிவிடும். அந்நிலையில் சிறு கல் போதும், கீறிவிட. வடகிழக்குப் பருவமழையின்போது கல்வராயன் மலையடிவார ஊர்களில் கொட்டில்கள் காயாமல் கிடக்கும் ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் இதைக் கூர்ந்து கவனிக்க வேண்டும்.

புதுச் சிமெண்டில் இன்னொரு தீங்கும் உண்டு. அதில் எஞ்சியிருக்கும் சுண்ணாம்புக் காரம் குட்டிகளின் பிஞ்சுத் தோலை அரிக்கும். வேதியியல் நண்பர்கள் புதுத் தரையில் ஒரு சொட்டுப் பினாப்தலீன் விட்டுப் பார்க்கட்டும், இளஞ்சிவப்பாகும். காற்றிலுள்ள கரியமில வாயு பட்டுப் பட்டு மேற்பரப்பின் காரம் நாளடைவில் அடங்கும். அதுவரை தரையில் நீர் தேக்கிப் பலமுறை கழுவிவிட்ட பின்பே பன்றிகளை ஏற்ற வேண்டும்.

பிறந்த குட்டிகளின் நிலை இன்னும் பரிதாபமானது. பால் குடிக்கும்போது அவை முன்னங்கால் முட்டியைத் தரையில் ஊன்றி முட்டி முட்டிக் குடிக்கின்றன. முதல் சில நாட்களிலேயே முட்டித்தோல் தேய்ந்து புண்ணாகிவிடும். அப்புண் வழியாகவோ, காயாத தொப்புள்கொடி வழியாகவோ கிருமிகள் உட்புகுந்து மூட்டில் தங்கிச் சீழ் வைக்கும். வீங்கிய மூட்டுடன் நொண்டும் குட்டிக்கு முதல் நாளிலேயே பெனிசிலின் போன்ற மருந்தை மருத்துவர் செலுத்தினால் பிழைக்க வழியுண்டு. ஒரு வாரம் கழித்து அழைத்தால் அவரால் ஆவது ஒன்றுமில்லை. ஈனும் இடத்தில் உலர்ந்த வைக்கோலோ மரத்தூளோ பழைய சாக்கோ விரித்துவிட்டு, தொப்புளில் அயோடின் தடவினால் இத்தொல்லை பெரும்பாலும் வராது.

இனித் தீவனம். குளம்பு என்பது தடித்த நகமே. அது உறுதியாக வளரப் பயோட்டின் என்ற வைட்டமினும் துத்தநாகமும் வேண்டும். பன்றிகளின் குளம்பு வெடிப்புக்கும் பயோட்டின் குறைவுக்கும் உள்ள தொடர்பை 1977-ல் இங்கிலாந்தில் வெளியான ஆய்வு எடுத்துக்காட்டியது. கோதுமையிலும் வாற்கோதுமையிலும் உள்ள பயோட்டினில் மிகச் சிறுபகுதியே பன்றியின் உடலில் சேர்கிறது. மக்காச்சோளத்தில் இருப்பதோ ஏறக்குறைய முழுவதும் சேர்ந்துவிடுகிறது. அவ்வகையில் நம் வட்டாரத்தார் பாக்கியசாலிகள். ஆனால் மலிவாகக் கிடைக்கிறதே என்று ஜவ்வரிசி ஆலையின் மரவள்ளித் திப்பியையே முழுத்தீவனமாகப் போடுவோர் அந்தப் பாக்கியத்தை இழக்கிறார்கள். மரவள்ளியில் மாவுச்சத்து உண்டு; புரதமும் பயோட்டினும் மிகக் குறைவு. மல்லாட்டைப் புண்ணாக்கைச் சேர்த்தால் இரண்டும் ஓரளவு ஈடாகும்.

துத்தநாகத்தின் கதை வேறு. பன்றிகளின் தோல் தடித்துப் பொருக்காடும் நோயொன்று துத்தநாகத்தால் தீரும் என்று அமெரிக்காவில் டக்கர், சால்மன் என்னும் இருவர் 1955-ல் கண்டறிந்தனர். தீவனத்தில் சுண்ணாம்புச் சத்து அளவுக்கு மிஞ்சினால் துத்தநாகம் உடலில் சேராமல் தடைபடும் என்பதும் பின்னர்த் தெளிவாயிற்று. எலும்பு உறுதிப்படும் என்று கிளிஞ்சல் தூளை அள்ளிக் கொட்டுவோர் இதனை நினைவிற் கொள்க. ஒன்று மட்டும் சொல்லிவைக்கிறேன்: குளம்பு மாதத்துக்கு அரை சென்டிமீட்டர் அளவே வளரும். தீவனத்தை இன்று திருத்தினால் பலன் காணப் பல மாதம் காத்திருக்க வேண்டும். பத்து நாளில் வெடிப்பு மறையும் என்று யாராவது பொடி விற்றால் நம்ப வேண்டாம்.

வெடிப்பு வந்தபின் செய்யக் கூடியவை சில உண்டு. முதலில் அப்பன்றியைக் கூட்டத்திலிருந்து பிரித்து உலர்ந்த, மெத்தென்ற இடத்தில் விடவேண்டும். பாதி மருத்துவம் இதுவே. குளம்பைக் கழுவித் துடைத்து, வெடிப்பில் சிக்கிய கல்லை நீக்க வேண்டும். நீண்டு வளைந்த நுனியைப் பன்றி குட்டிகளுக்குப் பால் கொடுத்துக்கொண்டு அயர்ந்து கிடக்கும் வேளையில் இடுக்கியால் சிறிது சிறிதாக நறுக்கி அரத்தால் தேய்க்கலாம். ஒரே வெட்டாக வெட்டினால் இரத்தம் பீறிடும். பல பன்றிகளுக்கு இருப்பின், லிட்டருக்கு 50 கிராம் வீதம் மயில்துத்தம் கரைத்த தொட்டியில் நடத்திச் செல்லலாம். தொட்டிக்கு முன்பே கால்களைக் கழுவிவிட வேண்டும். சாணம் கலந்தால் துத்தத்தின் வீரியம் போய்விடும். அந்நீரைப் பன்றி குடிக்கலாகாது. பயன்படுத்தியபின் கிணற்றோரத்திலோ ஓடையிலோ கொட்டவும் கூடாது. குளம்புக்கு மேல் வீங்கிச் சீழ் ஒழுகினால் கிருமி எலும்பு வரை சென்றிருக்கலாம். அது வீட்டு வைத்தியத்துக்கு அடங்காது. மருந்து செலுத்திய பன்றியை மருத்துவர் குறிப்பிடும் நாள் கழியும்வரை கறிக்கு விற்கவும் கூடாது. நமக்கு அருகிலேயே தலைவாசலில் கால்நடை மருத்துவக் கல்லூரி இருப்பதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். வெண்பன்றி ஆராய்ச்சிக்குப் பெயர் பெற்ற நிலையம் செங்கற்பட்டு மாவட்டத்துக் காட்டுப்பாக்கத்தில் உள்ளது.

இதுவரை சொன்னவை ஒன்றிரண்டு பன்றிகள் மெல்ல மெல்ல நொண்டும் நோய்கள். ஒரே நாளில் பல பன்றிகள் சேர்ந்து நொண்டினால் கதை வேறு. தரையைப் பார்த்துக்கொண்டிராமல், குளம்பும் தோலும் சேரும் விளிம்பையும் மூக்கு நுனியையும் பார்க்க வேண்டும். அங்கே கொப்புளங்கள் இருந்தால் அது கோமாரியாக இருக்கலாம். கடுமையானால் குளம்பே கழன்று விழும். இந்நோய்க் கிருமி மிக நுண்ணிய வடிகட்டியையும் கடந்து செல்வதை ஜெர்மனியில் லோப்லரும் பிராஷும் 1898-ல் நிறுவினர். விலங்குகளைத் தாக்கும் வைரஸ்களுள் முதலில் அறியப்பட்டது இதுவே. கோமாரி கண்ட பன்றி மூச்சில் வெளிவிடும் கிருமி, ஒரு மாடு விடுவதைவிடப் பன்மடங்கு. ஆதலால் பன்றிக் கொட்டிலில் மூடிமறைத்த நோய் ஊர் மாடுகளையெல்லாம் வந்து சேரும். 2009-ஆம் ஆண்டுச் சட்டப்படி இத்தகைய தொற்றுநோயைக் கால்நடைத் துறைக்குத் தெரிவிப்பது வளர்ப்போரின் கடமையாகும். 2019-ல் மதுராவில் தொடங்கிவைக்கப்பட்ட தேசியக் கால்நடை நோய்க் கட்டுப்பாட்டுத் திட்டம், மாடு எருமைகளோடு ஆடுகளையும் பன்றிகளையும் கோமாரித் தடுப்பூசித் திட்டத்தில் சேர்த்துக்கொண்டது.

மூடிமறைத்தால் என்ன ஆகும் என்பதற்கு இங்கிலாந்து சாட்சி. 2001-ல் அங்கே பரவிய கோமாரியின் தொடக்கம், சரியாக வேகவைக்காத எச்சில் உணவைப் போட்டு வந்த ஒரு பன்றிப் பண்ணை எனக் கண்டறியப்பட்டது. நோயை அடக்குவதற்குள் அறுபது இலட்சத்துக்கும் மேற்பட்ட கால்நடைகள் கொல்லப்பட்டன. ஓட்டல் கழிவை வாங்கிப் போடும் நம்மவர்கள் அதனை அரைமணி நேரமாவது நன்கு கொதிக்கவைத்து ஆறவிட்டே தொட்டியில் ஊற்ற வேண்டும்.

கொட்டில் வாசலில் செருப்பை நனைத்துச் செல்ல ஒரு தட்டுச் சோடாக் கரைசலும் இருக்கட்டும். கோமாரிக் கிருமியைக் கொல்ல 4 சதவீதச் சோடியம் கார்பனேட் வேண்டும். கடையில் வாங்கும் படிகச் சலவைச் சோடாவில் பாதிக்கு மேல் நீரே என்பதால், லிட்டருக்கு 100 கிராம் போட்டால்தான் அந்த அளவு கிடைக்கும். மழை பெய்தால் கரைசல் நீர்த்துவிடும். அன்றைக்கே மாற்றிவிட வேண்டும்.