இலங்கை அதிபர் தேர்தல்: நாளை வாக்குப்பதிவு – இரண்டாம் விருப்ப வாக்கு வெற்றியைத் தீர்மானிக்குமா?

கொழும்பு, செப். 20, 2024: இலங்கையின் 9-வது அதிபர் தேர்தலுக்கான வாக்குப்பதிவு நாளை (செப்டம்பர் 21) காலை 7 மணிக்குத் தொடங்கி மாலை 4 மணி வரை நடைபெறவுள்ளது. சுமார் 1 கோடியே 71 லட்சம் பேர் வாக்களிக்கத் தகுதி பெற்றுள்ளனர். பரப்புரை கடந்த 18-ம் தேதி நள்ளிரவுடன் ஓய்ந்துள்ள நிலையில், எந்த வேட்பாளருக்கும் பாதிக்கு மேற்பட்ட வாக்குகள் கிடைக்காமல் போகுமோ என்ற கேள்வியே நாடு முழுவதும் பேசப்படுகிறது.

நெருக்கடிக்குப் பிந்தைய முதல் தேர்தல்

2022-ம் ஆண்டின் பொருளாதார வீழ்ச்சிக்குப் பிறகு மக்கள் நேரடியாக வாக்களிக்கும் முதல் அதிபர் தேர்தல் இது. அவ்வாண்டு ஏப்ரலில் வெளிநாட்டுக் கடன்களைத் திருப்பிச் செலுத்துவதை இலங்கை நிறுத்தியது. எரிபொருள், சமையல் எரிவாயு, மருந்து ஆகியவற்றுக்கு மக்கள் வரிசையில் காத்திருந்தனர். ஜூலை 9 அன்று போராட்டக்காரர்கள் அதிபர் மாளிகைக்குள் நுழைந்தனர். அதைத் தொடர்ந்து கோத்தபய ராஜபக்ச நாட்டை விட்டு வெளியேறிப் பதவி விலகினார். ஜூலை 20 அன்று ரணில் விக்கிரமசிங்கேவை நாடாளுமன்ற உறுப்பினர்களே 134 வாக்குகளால் அதிபராகத் தேர்ந்தெடுத்தனர்.

2023 மார்ச்சில் சர்வதேச நாணய நிதியம் சுமார் 290 கோடி டாலர் கடனுதவிக்கு ஒப்புதல் அளித்தது. வரிசைகள் மறைந்தன, பணவீக்கமும் குறைந்தது. ஆனால், மதிப்புக் கூட்டு வரி 18 சதவீதமாக உயர்ந்தது. மின் கட்டணமும் வருமான வரியும் நடுத்தரக் குடும்பங்களை அழுத்தின. மீட்சியின் சுமையை யார் சுமப்பது என்பதே இத்தேர்தலின் மையப் பிரச்சினை.

களத்தில் யார்?

39 பேரின் வேட்புமனுக்கள் ஏற்கப்பட்டன. அவர்களில் ஒருவர் காலமானதால் தற்போது 38 பேர் களத்தில் உள்ளனர். ஒரு பெண் வேட்பாளர்கூட இல்லை. சுயேச்சையாகப் போட்டியிடும் ரணில் விக்கிரமசிங்கே, ஐக்கிய மக்கள் சக்தியின் சஜித் பிரேமதாச, தேசிய மக்கள் சக்தியின் அனுர குமார திசாநாயக்க ஆகியோரிடையே மும்முனைப் போட்டி நிலவுகிறது. மகிந்த ராஜபக்சவின் மகன் நாமல் ராஜபக்சவும் களத்தில் உள்ளார்.

நிதியத்தின் திட்டத்தை மாற்றமின்றித் தொடர வேண்டும் என்கிறார் ரணில். திட்டத்தில் நீடித்துக்கொண்டே மக்களின் சுமை குறையும் வகையில் நிபந்தனைகளை மறுபேச்சுக்கு உட்படுத்துவோம் என்பது சஜித், அனுர இருவரின் நிலைப்பாடு. 2019 தேர்தலில் அனுர பெற்றது 3.16 சதவீத வாக்குகளே. ஊழலுக்கு எதிரான கோபம் அவரை இம்முறை முன்னணி வேட்பாளராக்கியுள்ளது.

விருப்ப வாக்கு எவ்வாறு எண்ணப்படுகிறது?

வாக்காளர் ஒருவருக்கு மட்டும் வாக்களிக்கலாம். அல்லது 1, 2, 3 என மூவருக்கு விருப்ப வரிசை அளிக்கலாம். செல்லுபடியாகும் வாக்குகளில் பாதிக்கு மேல் பெறுபவரே முதல் சுற்றில் வெற்றி பெறுவார். எடுத்துக்காட்டாக, 1 கோடியே 30 லட்சம் வாக்குகள் செல்லுபடியானால், 65 லட்சத்துக்கு மேல் ஒரு வாக்காவது கூடுதலாகப் பெற வேண்டும்.

எவரும் அந்த எண்ணிக்கையை எட்டாவிட்டால், முதல் இரு இடங்களைப் பெற்றவர்கள் தவிர மற்ற அனைவரும் நீக்கப்படுவர். நீக்கப்பட்டவர்களுக்கு விழுந்த வாக்குச் சீட்டுகள் மட்டும் மீண்டும் பார்க்கப்படும். அவற்றின் இரண்டாம் விருப்பம் எஞ்சிய இருவரில் ஒருவருக்கு இருந்தால் அவரது கணக்கில் சேரும். இல்லையெனில் மூன்றாம் விருப்பம் கவனிக்கப்படும். முடிவில் கூடுதல் வாக்குகள் பெற்றவர் அதிபராவார்.

1982 முதல் நடந்த 8 அதிபர் தேர்தல்களிலும் இதற்குத் தேவை ஏற்பட்டதில்லை. 2005-ல் மகிந்த ராஜபக்ச 50.29 சதவீதம் பெற்று மயிரிழையில் முதல் சுற்றிலேயே வென்றார். பெரும்பாலான வாக்காளர்கள் ஒருவருக்கு மட்டுமே வாக்களித்துப் பழகியவர்கள் என்பதால், இரண்டாம் எண்ணிக்கையில் எத்தனை சீட்டுகள் பயன்படும் என்பது தெளிவாகவில்லை.

தமிழர்களின் எதிர்பார்ப்பு

வடக்கு, கிழக்குத் தமிழர்களின் வாக்கு இம்முறை ஒரே திசையில் இல்லை. முன்னாள் நாடாளுமன்ற உறுப்பினர் பா. அரியநேத்திரன் தமிழ்ப் பொது வேட்பாளராக நிறுத்தப்பட்டுள்ளார். அவர் சார்ந்த இலங்கைத் தமிழரசுக் கட்சியோ சஜித்துக்கு ஆதரவு அறிவித்துள்ளது. 13-வது சட்டத் திருத்தத்தின்படி அமைந்த மாகாண சபைகளில், வடக்கு மாகாண சபைக்குக் கடைசியாக 2013-ல்தான் தேர்தல் நடந்தது. அதிகாரப் பகிர்வு, காணி விடுவிப்பு, காணாமல் ஆக்கப்பட்டோர் குறித்த பொறுப்புக்கூறல் ஆகியவை இங்கு நீண்டகாலக் கோரிக்கைகள்.

மலையகத்தில் சம்பளமே முதன்மைப் பிரச்சினை. தோட்டத் தொழிலாளர்களின் நாட்கூலி 1,000 ரூபாயிலிருந்து 1,700 ரூபாயாகும் என்று மே தினத்தில் அறிவிக்கப்பட்டது. தோட்ட நிறுவனங்கள் நீதிமன்றத்தை நாடின. இறுதியில் 1,350 ரூபாய் அடிப்படைச் சம்பளமாக நிர்ணயிக்கப்பட்டது. லயன் அறைகளுக்குப் பதிலாகச் சொந்த நிலமும் வீடும் வேண்டும் என்ற கோரிக்கையும் தொடர்கிறது. இலங்கைத் தொழிலாளர் காங்கிரஸ் ரணிலையும், மனோ கணேசன் தலைமையிலான தமிழ் முற்போக்குக் கூட்டணி சஜித்தையும் ஆதரிக்கின்றன. 1948-ல் குடியுரிமை பறிக்கப்பட்ட இச்சமூகத்தில் எஞ்சியோருக்கு 2003-ம் ஆண்டுச் சட்டத்தின் மூலமே முழுமையாகக் குடியுரிமை கிடைத்தது. அவர்களுக்கு வாக்குரிமை என்பதே போராடிப் பெற்ற ஒன்று.

நாளை வாக்குப்பதிவு முடிந்ததும் எண்ணிக்கை தொடங்கும். முதல் சுற்றிலேயே ஒருவர் பெரும்பான்மை பெற்றால் ஞாயிற்றுக்கிழமை முடிவு வெளியாகும் என எதிர்பார்க்கப்படுகிறது. இரண்டாம் எண்ணிக்கை தேவைப்பட்டால் அறிவிப்பு தாமதமாகலாம்.