இருக்கிறதா என்றே தெரியாத பறவைக்கு ஒரு கோடி டாலர்

2005 ஏப்ரல் 28 அன்று வாஷிங்டனில் கூடிய பத்திரிகையாளர்களிடம் அமெரிக்க அரசு சொன்னது இதுதான்: அறுபது ஆண்டுகளுக்கு முன்பு அழிந்ததாகக் கருதப்பட்ட தந்த அலகு மரங்கொத்தி, ஆர்கன்சாஸ் மாநிலத்தின் சதுப்புக் காட்டில் உயிரோடு இருக்கிறது. அதைக் காக்க ஒரு கோடி டாலருக்கு மேல் அரசு ஒதுக்கும். விரைவிலேயே எதிர்க்குரல்கள் எழுந்தன. இல்லாத பறவைக்கு எதற்கு இவ்வளவு பணம் என்ற கேள்வி இன்றுவரை ஓயவில்லை.

செத்த மரத்தின் பட்டையை உரித்து உள்ளிருக்கும் வண்டுப் புழுக்களைத் தின்று வாழ்ந்த பறவை இது. பெரிய, பழைய மரங்கள் நிறைந்த காடு அதற்கு வேண்டும். 1930களில் லூசியானாவில் இதை ஆராய்ந்த ஜேம்ஸ் டானர், ஒரு ஜோடிக்குச் சுமார் 16 சதுர கிலோமீட்டர் காடு தேவை என்று கணக்கிட்டார். அவர் ஆராய்ந்த காடு, நம் வீடுகளிலும் இருந்த தையல் மிஷினைச் செய்த சிங்கர் நிறுவனத்துடையது. மரம் வெட்டும் உரிமை விற்கப்பட்டது, காடு போனது. எல்லோரும் ஒப்புக்கொள்ளும் கடைசிப் பறவை 1944இல் அங்கேதான் காணப்பட்டது.

2004 பிப்ரவரியில் ஆர்கன்சாஸில் சிறு படகில் சென்ற ஒருவர் அதைப் பார்த்ததாகச் சொன்னார். கார்னெல் பல்கலைக்கழகப் பறவை ஆய்வகத்தினர் ரகசியமாகத் தேடத் தொடங்கினர். கிடைத்தவற்றுள் முக்கியமான சான்று, சில நொடிகளே ஓடும் மங்கலான வீடியோ. அதில் பறந்து போகும் பறவையின் இறக்கைப் பின்விளிம்பு வெள்ளையாகத் தெரிகிறதா, இல்லையா என்பதில்தான் மொத்த வாதமும் நின்றது. அதே காட்டில் ஏராளமாக வாழும் பைலியேட்டட் மரங்கொத்திதான் அது என்று 2006இல் பறவை ஓவியர் டேவிட் சிப்லியும் சகாக்களும் எழுதினர். கார்னெல் மறுத்தது. உயிருள்ள பறவையிடம் அழைத்துச் செல்பவருக்கு 50,000 டாலர் பரிசு என்று பின்னர் அறிவித்தும், காட்ட யாரும் வரவில்லை.

பணத்தைப் பற்றி மிகக் கூர்மையாகக் கேட்டவர் பறவையியலாளர் ஜெரோம் ஜாக்சன். ஒதுக்கப்பட்டது புதுப் பணம் அல்ல, நிச்சயமாக உயிரோடு இருக்கும் அருகிய உயிரினங்களுக்கு வைத்திருந்த நிதியும் இதற்குத் திருப்பப்படுகிறது என்றார். உள்ளூரில் கேள்வி இன்னும் பெரிதானது. அதே 2006இல், பறவைக்கு ஏற்படக்கூடிய பாதிப்பைச் சரியாக ஆராயவில்லை என்று 32 கோடி டாலர் பாசனத் திட்டத்தை நீதிமன்றம் நிறுத்தியது. நெல் பயிரிடும் பகுதி அது. நிலத்தடி நீர் வற்றிவரும் விவசாயிக்குச் சில நொடி வீடியோ போதுமான காரணமாகப் பட்டிருக்காது.

ஆனாலும் தேடுவதே வீண் என்பதை நான் ஏற்கவில்லை. அழிந்துவிட்டது என்று அவசரமாக முடிவெடுத்தால் பாதுகாப்பு விலக்கப்படும், மிச்சம் இருந்தவையும் அதனாலேயே மடியும். இதை ரோமியோ பிழை என்கிறார்கள் ஆய்வாளர்கள். பிலிப்பைன்ஸின் செபு தீவில் காடு போய்விட்டது, பூங்கொத்திகளும் போய்விட்டன என்று நம்பியிருந்தபோது, 1992இல் அந்தத் தீவுக்கே உரிய பூங்கொத்தி மீண்டும் கண்ணில் பட்டது. நமக்குப் பக்கத்திலேயே உதாரணம் இருக்கிறது. 1900க்குப் பிறகு காணாமல் போன கலிவி கோடி என்ற பறவை, 1986இல் ஆந்திராவின் கடப்பா மாவட்டப் புதர்க்காட்டில் மீண்டும் கண்டறியப்பட்டது. இரவில் நடமாடும் அந்தச் சிறு பறவையின் பொருட்டு அங்கே சரணாலயமே அமைந்தது.

எனவே எவ்வளவு செலவு என்பதைவிட, எதில் செலவு என்றே கேட்க வேண்டும். ஆர்கன்சாஸில் அறிவிப்புக்கு முன்பே, ரகசியத் தேடல் நடந்த காலத்தில், பாதுகாப்பு அமைப்புகள் அந்தக் காட்டை ஒட்டிய நிலங்களை வாங்கின. மரங்கொத்தி இல்லாவிட்டாலும் அந்த நிலம் கரடிக்கும் வாத்துக்கும் வெள்ள நீருக்கும் இடம் தரும். கேமராவுக்கும் ஒலிப்பதிவுக் கருவிக்கும் ஆண்டுக்கணக்கில் போகும் பணம் அப்படி அல்ல. ஒவ்வொரு வெறுந்தேடலும் பறவை இருக்கும் வாய்ப்பைக் குறைத்துக்கொண்டே போகிறது. அந்தச் செலவுக்கு முதலிலேயே ஒரு காலவரம்பு வைத்திருக்க வேண்டும். அதை வைக்காததுதான் நம்பிக்கையைக் கெடுத்தது.

2021இல் அமெரிக்க வனவிலங்குத் துறை, அழிந்தவை என்று 23 உயிரினங்களை அருகிய உயிரினப் பட்டியலிலிருந்து நீக்க முன்மொழிந்தது. 2023 அக்டோபரில் 21 மட்டும் நீக்கப்பட்டன. தந்த அலகு மரங்கொத்தி மீதான முடிவு தள்ளிவைக்கப்பட்டது. நீக்கப்பட்டவற்றில் எட்டு, ஹவாய்த் தீவுகளின் காட்டுப் பறவைகள். கொசு பரப்பும் மலேரியாவும் அவற்றை அழித்த காரணங்களில் ஒன்று. அவற்றின் உறவினங்கள் சில, இன்றும் விரல்விட்டு எண்ணும் நிலையில் மலைமேல் மிஞ்சியிருக்கின்றன. கொசுப் பெருக்கத்தை அடக்க, இனப்பெருக்கத்தைத் தடுக்கும் பாக்டீரியா ஏற்றிய ஆண் கொசுக்களை மாவி தீவில் 2023 முதல் வானிலிருந்து விடுகிறார்கள். மரங்கொத்திக்கு இனி ஒரு டாலர் கேட்பவர்கள், முதலில் இந்த வேலைக்குப் பணம் குறையவில்லை என்று காட்டிவிட்டுக் கேட்க வேண்டும்.