ரோஜா மணக்கும் திராட்சை மது

இத்தாலியின் வடகோடியில், ஆல்ப்ஸ் மலைச்சாரலில், டிராமின் என்னும் சிற்றூர் உளது. அவ்வூர் ஆஸ்திரிய ஆட்சியில் இருந்தபோது, 1898-ஆம் ஆண்டில், பங்குக் குருவும் பாராளுமன்ற அங்கத்தினருமான கிறிஸ்டியன் ஷ்ராட் என்பார் திராட்சை பயிரிடுவோருக்கெனக் கூட்டுறவுச் சங்கம் ஒன்றைத் தோற்றுவித்தார். அச்சங்கம் இன்றும் நடைபெறுகிறது. கெவூர்ட்ஸ்ட்ராமினர் என்னும் வெள்ளை மது அதற்குப் பெரும் புகழ் தந்துள்ளது. ‘கெவூர்ட்ஸ்’ என்பது நறுமணச் சரக்கு. பின்பாதி ஊர்ப்பெயரிலிருந்து வந்தது.

கூட்டுறவு ஏட்டில் மதுவைப் பற்றி எழுதுவானேன் என்று அன்பர்கள் வினவக்கூடும். அருந்தச் சொல்லுவது என் நோக்கமன்று. துணியைக் கண்ணாலும் விரலாலும் தரம் பார்க்கும் நமக்கு, மூக்கினால் தரம் பார்க்கும் முறையும் அறியத்தக்கதே.

வீட்டில் சுவை பார்ப்போர், தண்டுள்ள கண்ணாடிக் கோப்பையில் மூன்றிலொரு பங்கு மட்டுமே ஊற்றுவர்; எஞ்சிய இடம் மணம் தங்குவதற்கு. முதலில் அசைக்காமல் முகர்வர். பின்னர் மெல்லச் சுழற்றி முகர்வர். ரோஜா இதழும் லிச்சிப் பழமும் மணக்கும். இது வெறும் கற்பனையன்று. லிச்சிக்கும் இம்மதுவுக்கும் மணந்தரும் பொருள்கள் பல பொதுவாய் இருப்பதையும், அவற்றுள் ரோஸ் ஆக்ஸைடு முக்கியமானது என்பதையும் 1999-இல் அமெரிக்க ஆய்வாளர் இருவர் வெளியிட்டனர்.

குளிர் மிகுந்தால் மணம் அடங்கிவிடும். வெப்பம் மிகுந்தால் சாராய நெடியே மேலோங்கும். 10 முதல் 12 பாகை சென்டிகிரேடு பொருத்தமானது. ஒரு கோப்பையைக் குளிர்பெட்டியிலிருந்து எடுத்தவுடனும், மற்றொன்றைச் சற்று நேரம் வெளியில் வைத்தும் முகர்ந்தால் வேற்றுமை விளங்கும். மூக்கு இனிப்பென்று சொல்லும். நாவிலோ பெரும்பாலும் இனிப்பிராது, முடிவில் இலேசான கசப்பு நிற்கும். முதன்முறை பருகுவோர் ஏமாறுவது இங்கேதான்.

அக்கசப்பு அளவோடு நிற்பது தோட்டக்காரர் கையிலும் உள்ளது. இளஞ்சிவப்புத் தோலுடைய இப்பழத்துக்கு இயல்பிலேயே புளிப்புக் குறைவு. முந்திப் பறித்தால் மணம் கூடாது. தாமதித்தாலோ சர்க்கரை ஏறும், புளிப்பு விழும், மது சப்பென்றாகிவிடும். பலர் பழமும் ஒரே தொட்டியில் சேரும்போது, ஒருவருடைய அவசரம் எல்லோருடைய கோப்பையிலும் தெரியும். ஆகவேதான் இத்தகைய சங்கங்களில் பழத்தை எடைபோடுவதோடு நில்லாமல், சர்க்கரையையும் அளந்து பார்த்தே ஏற்கின்றனர்.